ரேஷன் கோதுமையும் அமெரிக்க நூலகமும்

ஹப்சிகுடா என்ற பெயருக்கு விளக்கம் கேட்டால் இங்குள்ள பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: ஹப்சிகள் குடியிருந்த இடம். 'ஹபஷ்' என்பது அபிசீனியாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்கு, அரபு மொழியில் வழங்கும் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் தக்காணத்துக்கு வந்தவர்களை ஹப்சிகள் என்றார்கள். அவர்களில் ஒருவரான மாலிக் அம்பர் அகமத்நகர் அரசையே நடத்தி, 1626இல் இறக்கும் வரை முகலாயரை எதிர்த்து நின்றவர். பிற்காலத்தில் நிஜாமிடம் ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படை ஒன்று இருந்தது. மாசாப் டாங்க் பக்கத்து ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டைப் பெயர் அதன் மிச்சம். நிஜாமின் அரசை அந்தக் காவல்காரன் ஒரு மாதிரி பார்த்திருப்பான். நல்கொண்டாவில் தேஷ்முக்குக்குக் கூலியில்லாமல் வெட்டிச் சாக்கிரி செய்தவன் வேறு மாதிரி பார்த்திருப்பான். வெள்ளைக்காரப் படையோடு சிகந்தராபாத் கன்டோன்மென்ட்டுக்கு வந்து குடியேறிய நம் தமிழ் முதலியாருக்கு அந்த அரசு ஹுசைன் சாகருக்கு அந்தப் பக்கம் இருந்த யாரோ ஒருவருடைய அரசு, அவ்வளவுதான்.

நிஜாமை இத்தோடு விடுவோம். நான் எழுத எடுத்துக்கொண்டது அமெரிக்காவைப் பற்றி.

ஹப்சிகுடா, தார்நாகா, நாச்சாரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையோ, பெண்ணோ, தங்கை மகனோ அங்கே இல்லாத வீடு குறைவு. சங்கத்தின் பொங்கல் விழாவில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய்ச் சேருகிறது. ஒருவர், "அங்கே ஜாதி கீதி ஒண்ணும் கிடையாது சார், திறமை இருந்தா போதும்" என்பார். இன்னொருவர், "அவன் யாரையும் நிமிர விடமாட்டான்" என்பார். இருவரும் ஒரே நாட்டைத்தான் சொல்கிறார்கள். இருவருக்கும் அனுபவமும் உண்டு. இந்த இரண்டு பேச்சும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க ஒரு பழைய கதை உதவும். அது ரேஷன் கடையில் தொடங்கி, நம் வீட்டுக்கு வெகு அருகில், உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் வந்து நிற்கும் கதை.

1954 ஜூலை 10 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் எண் 480. 'பப்ளிக் லா 480', சுருக்கமாக பி.எல். 480. அமெரிக்க விவசாயி விளைவித்த கோதுமை விற்காமல் அங்கே கிடங்குகளில் மலையாகக் குவிந்திருந்தது. அதை டாலர் கையில் இல்லாத நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்கலாம் என்பது சட்டத்தின் சாரம். தர்மமும் வியாபாரமும் கலந்த ஏற்பாடு. இந்தியாவோடு முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் ஆனது. 1960 மே மாதத்தில் நான்காண்டுக்கு ஒரு பெரிய ஒப்பந்தம்: 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி.

இதில் பணம் போன வழிதான் சுவாரசியம். ரேஷன் கடையில் நாம் கொடுத்த ரூபாய் அரசின் கைக்குப் போனது. அரசு கோதுமையின் விலையை அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே கணக்கில் கட்டியது. அந்த ரூபாயை டாலராக மாற்றி எடுத்துப் போக முடியாது. இங்கேயே செலவழித்தாக வேண்டும். பெரும் பகுதி இந்திய அரசின் திட்டங்களுக்கே கடனாகவும் நன்கொடையாகவும் திரும்பியது. ஒரு பகுதி இங்கே தொழில் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடனாகப் போனது. இன்னொரு பகுதி தூதரகச் செலவுக்கும், படிப்புக்கும், புத்தகத்துக்கும் போனது. அந்தக் கடைசிப் பகுதிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கியூவில் நின்றவர்கள். அரிசிச் சோறே சோறு என்றிருந்த நம்மவர்களுக்கு அறுபதுகளில் கோதுமை வந்ததே ஒரு தண்டனை மாதிரி. கோதுமை கூடப் பரவாயில்லை, மைலோ என்ற சிவப்புச் சோளம் வந்தது. அதை அரைத்து என்ன செய்தாலும் தொண்டையில் இறங்காது என்று சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்தான் சப்பாத்தி சாப்பிடுவார் என்று நினைத்த வீடுகளில் கோதுமை தோசை, கோதுமைக் கஞ்சி என்று புதுப் பண்டங்கள் அந்தக் காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தன. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்துக்கு ஒருவேளை உணவை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பல வீடுகளில் திங்கட்கிழமை இரவு அடுப்பு எரியவில்லை. வேறு பல வீடுகளில் எந்த நாளிலுமே இரவு அடுப்பு எரிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டாவது வகை வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா வேறு விதமாக வந்தது. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் கொடுத்தது. அமெரிக்க உதவி என்று வந்த மூட்டைகளிலும் டப்பாக்களிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படமும், கோடும் நட்சத்திரமும் போட்ட கேடயமும் இருக்கும். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளியில் தட்டோடு வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தப் படம்தான் அமெரிக்கா. மைலோவைத் திட்டிய நடுத்தர வீட்டுக்காரருக்கு அது நாட்டுக்கு வந்த மானக்கேடு. பால் குடித்த பிள்ளைக்கு அது அன்றைக்குக் கிடைத்த பால். மானக்கேடு என்று நினைக்கக்கூட வயிற்றில் கொஞ்சம் ஏதாவது இருக்க வேண்டியிருக்கிறது.

நடுவே ஒரு களையைப் பற்றி. காலி மனையில் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கிறதே, தெலுங்கில் 'வய்யாரிபாமா' என்கிறார்களே, அந்தப் பார்த்தீனியம் அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று எல்லாருமே சொல்வோம். வேண்டுமென்றே விதைத்துவிட்டான் என்று சொல்பவர்களும் உண்டு. அது புனேயில் கவனத்துக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில், பெரிய கப்பல்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே. அதற்கும் வெகுகாலம் முன்பே இந்தியாவில் இருந்தது என்று சொல்லும் தாவரவியலாரும் உண்டு. கோதுமையோடு இன்னும் கொஞ்சம் விதை வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதை இவ்வளவு உறுதியாக நிலைத்ததற்குக் காரணம் செடி இல்லை என்று நினைக்கிறேன். கை நீட்டி வாங்கியவன் கொடுத்தவனை ஏதாவது சொல்ல வேண்டாமா?

இப்போது டில்லிக்குப் போவோம். அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்து செங்குட்டைப்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் 1910இல் பிறந்தவர். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னையில் பெரிய வியாபார நிறுவனத்தை நிறுவியவர். இருவரும் தமிழர், இருவரும் காங்கிரஸ், ஒரே மந்திரிசபை. உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி ஒதுக்க வேண்டும், விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும் என்றார் சி.எஸ். டி.டி.கே. எதிர்த்தார். வியாபாரக் கண்ணுக்குக் கரையும் டாலர் பெரிதாகத் தெரிந்தது. கொங்கு விவசாயியின் கண்ணுக்கு விதை பெரிதாகத் தெரிந்தது. இப்படிச் சொல்வது கொஞ்சம் எளிமைப்படுத்துவதுதான், ஆனால் முழுத் தவறில்லை.

1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் சி.எஸ்.ஸும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். விவசாயத்துக்கு இந்தியா எவ்வளவு செலவழிக்கும், உரத்துக்கு என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அமெரிக்காவுக்கு அடிபணிந்துவிட்டார் என்று நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் சாடினார்கள். சி.எஸ். தன் பங்களாப் புல்வெளியையே உழுது புது ரகக் கோதுமை விதைத்துக் காட்டினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. அமைச்சர் சுப்பிரமணியம், செயலர் பி. சிவராமன், விஞ்ஞானி கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் என்று மூன்று தமிழர்கள் சேர்ந்து செய்த காரியம் அது. சுவாமிநாதன் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, அங்கேயே வேலை கிடைத்தும் திரும்பி வந்தவர். அமெரிக்க விஞ்ஞானமும் அமெரிக்க அரசும் ஒன்றல்ல என்று உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்க அரசு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? 1965இல் பழைய ஒப்பந்தம் முடிந்ததும் அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்தார். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கோதுமைக்கு அனுமதி. இந்தியா விவசாயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது இன்னொரு காரணம். மழை பொய்த்த 1966இல் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. கப்பலில் இருந்து நேரே வாய்க்கு என்று அந்த வாழ்க்கைக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1967 தேர்தலே அரிசித் தேர்தலாக நடந்தது. சி.எஸ். அந்தத் தேர்தலில் தோற்றார்.

அதே ஜான்சன், அதே 1965, அக்டோபர் 3. நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற கணக்கில்தான் குடியேற இடம் இருந்தது (1946க்கு முன் அதுவும் இல்லை). புதிய குடியேற்றச் சட்டம் நாட்டுக்கு நாடு வைத்திருந்த அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு, உறவினர்களுக்கும் தொழில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் உறவினர் இல்லாத இந்தியர்களில் யார் போக முடிந்தது? டாக்டர், இன்ஜினியர், விஞ்ஞானி. ஒரே இலையுதிர் காலத்தில் ஒரே மனிதர் ரேஷன் கியூவில் நின்ற இந்தியனின் கயிற்றை இறுக்கினார். பட்டம் பெற்ற இந்தியனுக்குக் கதவைத் திறந்தார். இருவரும் அமெரிக்காவைப் பற்றி ஒரே கருத்து சொல்ல வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அந்தப் பட்டம் யாரிடம் இருந்தது என்பதையும் நாம் நேராகப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1912இல் மக்கள் தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே இருந்த பிராமணர்கள், மாவட்ட முன்சீப்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு அது. பிறகு இடஒதுக்கீடு வந்தது. அதனால் வாசல் அடைந்ததாக நினைத்த பல குடும்பங்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் இந்த ஹைதராபாத்துக்கும், அடுத்த தலைமுறையில் அமெரிக்காவுக்கும் நகர்ந்தன. இங்கே நம் பேட்டையைச் சுற்றி 1944இல் தொடங்கிய மத்திய ஆய்வுக்கூடம் (இன்றைய ஐ.ஐ.சி.டி.), 1961இல் புவி இயற்பியல் நிறுவனம், பிறகு சி.சி.எம்.பி. என்று வரிசையாக வந்த ஆய்வகங்களில் வேலைக்கு வந்த தமிழர்களில் எல்லா சமூகத்தாரும் உண்டு. ஆனாலும் வீட்டில் இரண்டாவது, மூன்றாவது தலைமுறைப் பட்டதாரிகளாக இருந்தவர்களின் பிள்ளைகளே முதலில் விமானம் ஏறினார்கள். அமெரிக்கா அவர்களிடம் ஜாதி கேட்கவில்லை என்பது உண்மை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதபடி இங்கேயே சலித்து அனுப்பியாகிவிட்டது. ஊரில் ஒரு சல்லடை, பரீட்சையில் ஒரு சல்லடை, விசாவில் ஒரு சல்லடை என்று மும்முறை சலிப்பதைப் பற்றி சக்ரவர்த்தி, கபூர், சிங் என்ற மூன்று பேராசிரியர்கள் 2016இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதியதும் இந்தத் 'திறமை' என்ற சொல்லைப் பற்றித்தான்.

கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அமெரிக்கா முன்பே தெரியும், வேறு முகத்தோடு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, பட்டினி கிடந்த மாதிகர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று மேல்தெரு சொன்னது. மண் சுமந்து கூலி வாங்கியவர்கள் அப்படி நினைத்திருக்கக் காரணமில்லை. சென்னை அடையாற்றில் 1894இல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கிய கர்னல் ஆல்காட்டும் அமெரிக்கர்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் அவரோடுதான் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். இன்னும் முன்னால், 1873இல் மராட்டியத்தில் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை படித்த அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குச் சிறுத்தைகள் என்று பெயர் வைத்ததும் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். இவர்கள் பார்த்த அமெரிக்காவில் வெள்ளை மாளிகை மட்டும் இல்லை, அடிமையின் பேரனும் இருந்தான்.

இனி அந்தக் கோதுமை ரூபாயின் கடைசிப் பகுதி. 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டில்லியில் அலுவலகம் வைத்து, பி.எல். 480 ரூபாயில் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் போயின. தமிழ்நாட்டில் ஒருவர் மைலோ வாங்கக் கொடுத்த காசில் ஒரு தமிழ் நாவல் சிகாகோ போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் கணக்குப்படி தப்பில்லை. எதிர்த்திசையிலும் புத்தகம் வந்தது. 1964இல் உஸ்மானியா வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நடைமுறைச் செலவில் பெரும் பங்கு அதே ரூபாய். ஒரு லட்சத்தைத் தாண்டிய நூல்களோடு, அமெரிக்கா பற்றி அமெரிக்காவுக்கு வெளியே இருந்த மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆங்கில இலக்கிய ஆய்வாளர்கள் ரயிலேறி வந்து தங்கிப் படித்தார்கள். ஃபாக்னரும் எமர்சனும் அவர்களுடைய அமெரிக்கா.

அதே வளாகத்தில் வியட்நாம் போரைக் கண்டித்த மாணவர்களும் இருந்தார்கள். பாலக்காட்டில் பிறந்து இங்கே இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கிய ஜார்ஜ் ரெட்டி 1972 ஏப்ரல் 14 அன்று இங்கேதான் கொல்லப்பட்டார். அவர் கறுப்புச் சிறுத்தைகளால் ஈர்க்கப்பட்டவர் என்று தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நாலு மாதம் முன்புதான் வங்கதேசப் போரில் அமெரிக்கக் கடற்படை வங்கக் கடலுக்கு வந்து பயமுறுத்திப் போயிருந்தது. 1974 பிப்ரவரி 18 அன்று அமெரிக்கத் தூதர் மொய்னிஹான், சேர்ந்து கிடந்த ரூபாயில் 1,664 கோடிக்கு ஒரு காசோலை எழுதி இந்திய அரசுக்கே திருப்பிக் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மையத்தின் வருமானமும் காலப்போக்கில் வற்றியது. பெயர் இருமுறை மாறி, இன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் திட்டங்களுக்கான மையமாக இருக்கிறது.

ஹைதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2008இல் பேகம்பேட்டை பைகா அரண்மனையில் வந்தது. அதற்கு முன் விசாவுக்கு சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், ஜெமினி பாலத்தருகே விடியற்காலையில் வரிசையில் நின்ற நினைவு பலருக்கு இருக்கும். அங்கே நின்ற பதற்றமும் ஒரு கியூதான், ஆனால் ரேஷன் கியூ அல்ல. பழைய நகரத்துக் குடும்பங்களுக்கு வெளிநாடு என்றால் வளைகுடா. 1990இல் குவைத்திலிருந்து திரும்பிய ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு அடுத்த ஆண்டு பாக்தாத்தில் விழுந்த குண்டு, டி.வி.யில் பார்த்த செய்தி மட்டும் இல்லை.

2025 பிப்ரவரி 5 அன்று கைவிலங்கிட்ட 104 இந்தியர்களோடு ஓர் அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, குஜராத்துக்காரர்கள். நம் வட்டத்தில், "சட்டப்படி போயிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டோம். அதே ஆண்டு செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது நம் வீட்டு டெலிபோன்கள் இரவெல்லாம் அடித்தன. அமெரிக்கா மாறிவிட்டது என்றார்கள் நண்பர்கள். ஏழு மாதத்துக்கு முன் அது அவர்களுக்கு மாறியிருக்கவில்லை.

வளாகத்து நூலகத்தில் அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு நூல்கள் சேர்ந்தன. அதற்குக் காசு கொடுத்த ரேஷன் கார்டுக்காரர்கள் அந்த நாட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. நம் சங்கத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். மைலோவை உங்கள் வீட்டில் என்ன செய்தார்கள், கோதுமைக்கு என்ன விலை, மூட்டையில் இருந்த கை குலுக்கும் படத்தைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அல்லது பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்தால், அடுத்த மலரில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். அவருடைய தாயாரும் அந்தக் கோதுமையைச் சாப்பிட்டிருப்பார்.